திப்பு சுல்தான் வம்சத்து நூர்: நம் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலைக்கு, தீரன் சின்னமலை மணிமண்டபத்துக்குப் போகிறவர்களுக்குத் திப்பு சுல்தான் பெயர் புதிதில்லை. சின்னமலை யாரோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்று கேட்டால் எட்டாவது படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அதே திப்புவின் வம்சத்தில் வந்த ஒரு பெண் 30 வயதில் ஜெர்மனியில் ஒரு வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று சொன்னால் ஈரோடு, கோபி, சத்தி பக்கம் நிறையப் பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவர் பெயர் நூர் இனாயத் கான். பள்ளிக்கூடங்களிலும் நூலக வாசகர் வட்டங்களிலும் அவரைப் பற்றிப் பேசப்போனால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

இந்த நூர் யாருங்க? மொதல்ல சுருக்கமா சொல்லுங்க.

1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர், சூஃபி குரு. அம்மா ஓரா ரே பேக்கர், அமெரிக்கர், கல்யாணத்துக்குப் பிறகு அமீனா பேகம். பாரிஸ் பக்கத்தில் வளர்ந்தார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸுக்குள் பிரிட்டனின் ரகசிய அமைப்புக்காகப் போய் வயர்லெஸ் இயக்கினார். 1943 அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் கொன்றுவிட்டார்கள்.

திப்புவுக்குப் பேத்தியா, கொள்ளுப்பேத்தியா? நெசமாலுமே சொந்தந்தானா?

இரண்டும் இல்லை, இன்னும் கீழே. திப்பு 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்தார். அவர் பிள்ளைகளைக் கும்பினிக்காரர்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், 1806 வேலூர்ப் புரட்சிக்கு அப்புறம் அங்கிருந்தும் கிளப்பிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்துப் பேத்தி காசிம் பீ. அவரை மௌலா பக்ஷ் என்ற பெரிய பாடகர் மணந்தார். தெற்கே வந்து கர்நாடக சங்கீதம் கற்று, மைசூர் மகாராஜாவிடம் மரியாதை வாங்கி, பிறகு பரோடாவில் இசைப் பள்ளி தொடங்கியவர் இவர். இந்தத் தம்பதியின் மகள் கதீஜா பீ, கதீஜாவின் மகன் இனாயத் கான், இனாயத்தின் மூத்த மகள் நூர்.

நம் பக்கத்து முறையில் சொன்னால், இனாயத் கானுக்குக் காசிம் பீ அமுச்சி, மௌலா பக்ஷ் அப்பிச்சி. அந்த அமுச்சிக்குத்தான் திப்பு தாத்தா. ஆக, திப்புவுக்கு அடுத்து எண்ணிக்கொண்டு வந்தால் நூர் ஐந்தாவது தலைமுறை, அதுவும் பெண்வழியாக வந்தது. அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்துவந்த வம்சாவளி இது. வெள்ளைக்காரன் ஆட்சியில் திப்புவின் வாரிசு என்று வெளியே காட்டிக்கொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை என்பதால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

அப்போ அவங்க இளவரசிதானுங்களே?

ஆளுவதற்கு ராஜ்யம் இருந்தால்தானே இளவரசி? திப்புவின் ராஜ்யம் 1799-லேயே முடிந்துவிட்டது, நூர் பிறந்தது அதற்கு 115 வருஷம் கழித்து. அரண்மனை, பணம், பரிவாரம் எதுவும் கிடையாது. அப்பாவின் சீடர்கள் வாங்கிக்கொடுத்த வீட்டில்தான் குடும்பம் இருந்தது. பத்திரிகைகளுக்கு இளவரசி என்ற பட்டம் பிடித்திருக்கிறது, அட்டையில் போட அழகாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பட்டத்தைச் சொன்னதும் கேட்கிறவர்கள் மனசில் கிரீடமும் பட்டுச்சேலையும்தான் வருகிறது, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் தெருவில் நடந்த பெண் காணாமல் போய்விடுகிறார்.

ரஷ்யாவுல பொறந்து, பிரான்ஸுல வளந்து, இங்கிலாந்துக்கு வேலை செஞ்சவங்களை எந்த ஊர்க்காரங்கன்னு சொல்றது?

அப்பா ஊர் ஊராகக் கச்சேரி செய்து, உபதேசம் செய்து பிழைத்தவர். அதனால் குடும்பமும் கூடவே நகர்ந்தது. போர் தொடங்கிய 1914-இல் மாஸ்கோவை விட்டு லண்டன் போனார்கள், 1920-இல் பிரான்ஸ். பாரிஸை ஒட்டிய சுரேன் என்ற ஊரில் பஸல் மன்ஸில் என்று பெயர் வைத்த வீட்டில்தான் நூர், தம்பிகள் விலாயத், ஹிதாயத், தங்கை கைருன்னிசா நால்வரும் வளர்ந்தார்கள்.

அப்பா இந்தியாவுக்குத் திரும்பிப்போன இடத்தில் 1927 பிப்ரவரியில் டெல்லியில் இறந்துவிட்டார். நூருக்கு அப்போது 13 வயது. அம்மா துக்கத்தில் ஒடுங்கிப்போக, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது இந்த மூத்த பெண்தான். பேசியது பிரெஞ்சும் ஆங்கிலமும், வீட்டில் கேட்டது வீணையும் இந்துஸ்தானி சங்கீதமும். எந்த ஊர் என்று ஒரே சொல்லில் கேட்டால், மனசுக்கு நெருக்கமான ஊர் பாரிஸ் என்பேன். பின்னால் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

முஸ்லிமுங்களா? புத்தர் கதை எழுதினாங்கன்னு சொல்றாங்களே, எப்படி?

முஸ்லிம் குடும்பம்தான். ஆனால் அப்பா போதித்த சூஃபி வழி எல்லா மதத்து ஞானிகளையும் மதிக்கிற வழி. அந்த வீட்டில் புத்தர் கதையும் ஏசு கதையும் நபிகள் கதையும் ஒன்றாகவே பேசப்பட்டன. நூர் குழந்தை உளவியல் படித்தார், பாரிஸில் புகழ்பெற்ற ஆசிரியை நாதியா பூலான்ஷேவிடம் இசை படித்தார், ஹார்ப்பும் பியானோவும் வாசிப்பார். பத்திரிகையிலும் பிரெஞ்சு வானொலியிலும் குழந்தைக் கதைகள் வந்தன. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்கிற ஜாதகக் கதைகளில் இருபதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி 1939-இல் லண்டனில் புத்தகமாகவும் வந்தது.

அதில் குரங்கரசன் கதை ஒன்று இருக்கிறது. வேட்டைக்காரர்கள் சூழ்ந்துகொண்டபோது தன் உடம்பையே பாலமாக ஆற்றுக்குக் குறுக்கே நீட்டி, கூட்டம் முழுவதையும் தன் முதுகுமேல் ஏறித் தப்பிக்கவிட்டு, கடைசியில் தான் முதுகொடிந்து சாகிற அரசன். நான் சின்னப் பிள்ளைகளிடம் பேசப்போனால் நூரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன், எழுதியவர் யார் என்று கடைசியில்தான் சொல்வேன்.

கல்யாணம் ஆகலீங்களா?

பெண்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே இதுதான். ஆகவில்லை. பாரிஸில் கூடப் படித்த யூத இசை மாணவர் ஒருவரோடு பல வருஷம் நெருக்கம் இருந்தது, வீட்டில் சம்மதம் இல்லை, அது கைகூடவில்லை.

கதை எழுதிட்டு வீணை கேட்டுட்டு இருந்த புள்ளை உளவு வேலைக்கு எப்படிங்க போச்சு?

1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியது. அகிம்சையைச் சொல்லி வளர்த்த குடும்பம், ஒதுங்கி நிற்பதா, எதிர்ப்பதா என்று அக்காவும் தம்பி விலாயத்தும் உட்கார்ந்து பேசினார்கள். ஒதுங்கி நிற்பது தர்மம் ஆகாது, ஆனால் கொல்லுகிற வேலை வேண்டாம், ஆபத்து அதிகமுள்ள வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்ததாக விலாயத் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்தோ துறைமுகம் வழியாகக் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

1940 நவம்பர் 19 அன்று நூர் பிரிட்டன் விமானப்படையின் பெண்கள் துணைப்படையில் சேர்ந்தார். அங்கே கற்றதுதான் வயர்லெஸ். பிரெஞ்சு தாய்மொழி மாதிரி வரும், வயர்லெஸ் தெரியும், இரண்டும் சேர்ந்த ஆட்கள் அபூர்வம். எதிரி பிடித்த நாடுகளுக்குள் ஆள் அனுப்பி எதிர்ப்பை வளர்க்கிற எஸ்ஓஇ என்ற ரகசிய அமைப்பு அவரைக் கூப்பிட்டது. பிடிபட்டால் மரணம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் தயங்கவில்லை, அம்மாவை விட்டுப் போவது ஒன்றுதான் கவலையாக இருந்தது.

திப்புவைக் கொன்னதே வெள்ளைக்காரன். அவனுக்குப் போயி வேலை செய்யலாமாங்க?

கோபத்தோடு கேட்கப்படுகிற கேள்வி, கோபத்தில் நியாயமும் இருக்கிறது. இதை நூரிடமே கேட்டிருக்கிறார்கள். அதிகாரி பதவிக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, ஜெர்மனியோடு போர் நடக்கும்வரை பிரிட்டனுக்கு உண்மையாக இருப்பேன், போர் முடிந்ததும் இந்தியாவின் பக்கம் நிற்பேன் என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டார். பதவி போய்விடும் என்று தெரிந்தே அதைச் சொன்னார். ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

நான் இப்படிப் பார்க்கிறேன். முந்தைய கேள்வி ஒன்றில் அவருக்கு நெருக்கமான ஊர் பாரிஸ் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஊரைத்தான் ஹிட்லர் பிடித்து வைத்திருந்தான். கூடப் படித்த யூத மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதை எதிர்க்க அன்றைக்கு அவருக்குக் கிடைத்த வழி லண்டன் வழியாகத்தான் இருந்தது. இந்தியர்கள் இந்தப் போரில் வீரத்துக்குப் பேர் வாங்கினால் அது இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு மதிப்பை உண்டாக்கும் என்ற நினைப்பும் அவருக்கு இருந்தது. 1947 ஆகஸ்டைப் பார்க்க அவர் இல்லை.

வயர்லெஸ் ஆபரேட்டர்னா என்ன பெரிய ஆபத்து? உக்காந்த இடத்துல தட்டுற வேலைதானே?

தட்டுகிற வேலைதான், ஆனால் தட்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் காற்றில் அலை போகிறது, அந்த அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கிற வண்டிகளை ஜெர்மன் போலீஸ் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் வாசலில் வந்து நிற்பார்கள். கருவி ஒரு சூட்கேஸுக்குள் அடங்கும், கனம் ஏறக்குறைய 15 கிலோ. கூடவே நீளமான ஏரியல் கம்பி, அதை ஜன்னலுக்கு வெளியேயோ மரத்திலோ கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு அடுத்த வீடு. சராசரியாக ஆறு வாரம் தாக்குப்பிடிப்பார்கள் என்பதுதான் அந்த அமைப்பின் கணக்கு.

ஒரு தடவை அவர் ஏரியல் கட்டக் கஷ்டப்படுவதைப் பார்த்த ஜெர்மன் அதிகாரி ஒருவர், ஏதோ பாட்டுக் கேட்கத்தான் கம்பி கட்டுகிறார் என்று நினைத்துத் தானே வந்து உதவினாராம். மெட்ரோ ரயிலில் இரண்டு ஜெர்மானியர்கள் பெட்டியில் என்ன என்று கேட்க, சினிமா காட்டுகிற கருவி என்று சொல்லி லேசாகத் திறந்தும் காட்டியதாகச் சொல்வார்கள். பயிற்சியில் வெறும் ஒத்திகை விசாரணைக்கே நடுங்கிப்போனவர் அவர்.

பயிற்சியிலயே லாயக்கில்லைன்னு எழுதிட்டாங்களாமே? அப்பறம் எதுக்கு அனுப்பினாங்க?

எழுதினார்கள். மூளை அவ்வளவு போதாது, சுபாவம் நிலையில்லை, இந்த வேலைக்குப் பொருந்துவாரா என்பது சந்தேகம் என்கிற மாதிரி ஒரு பயிற்சி அதிகாரி குறிப்பு எழுதினார். கூடப் பயிற்சி பெற்றவர்களுக்கும் கவலை இருந்தது, இவ்வளவு மென்மையான, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிற பெண்ணை அனுப்பலாமா என்று. பிரான்ஸ் பிரிவுத் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர் அந்தக் குறிப்பை ஒதுக்கிவிட்டு அனுப்பினார். ஆபரேட்டர் இல்லாமல் பாரிஸ் திண்டாடிக்கொண்டிருந்தது என்பது உண்மையான காரணம்.

1943 ஜூன் 16 ராத்திரி, நிலா வெளிச்சத்தில், லைசாண்டர் என்ற சின்ன விமானத்தில் கிளம்பினார். புறப்படும்போது, உடன் வந்த வீரா அட்கின்ஸ் என்ற அதிகாரியின் சட்டையில் இருந்த வெள்ளிப் பறவை ஊசியை அழகாக இருக்கிறது என்று சொல்ல, அவர் அதைக் கழற்றி இவர் கையில் கொடுத்துவிட்டார். மேற்கு பிரான்ஸில் ஆன்ஷே பக்கம் ஒரு வயல்வெளியில் இறங்கினார். எஸ்ஓஇ பிரான்ஸுக்குள் அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர். ரகசியப் பெயர் மதலேன்.

அவருடைய பயிற்சி அறிக்கை சரியா தப்பா என்று கேட்டால், பாதி சரி என்றுதான் சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தகம் பற்றிய கேள்வியில் அது தெரியும். ஆனால் பயந்த சுபாவம் என்று அளந்தவர்கள் அளக்கத் தெரியாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அது அடுத்த பதிலில்.

திரும்பி வரச் சொல்லியும் வரலைங்கறது உண்மையா, இல்ல கதையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அவர் பாரிஸ் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆனதும் ஜூன் 24 அன்று ப்ராஸ்பர் என்ற பெரிய குழுவின் தலைவர் பிரான்சிஸ் சட்டில் பிடிபட்டார். அதைத் தொடர்ந்து ஆட்கள் வரிசையாகப் போனார்கள், வயர்லெஸ் கருவிகளும் போயின. இது நடந்த செய்தியை லண்டனுக்கு அனுப்பியவர்களில் நூரும் ஒருவர். லண்டன் அவரைத் திரும்பி வந்துவிடச் சொன்னது. வரமாட்டேன் என்றார். தானும் போய்விட்டால் பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பேச ஒரு கருவிகூட மிச்சம் இருக்காது, கலைந்துபோன குழுவைத் திரும்பச் சேர்க்க முயல்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்றரை மாதம் ஓடினார். ஆறு வாரக் கணக்கு எங்கோ பின்னால் போய்விட்டது. தலைமுடிக்குச் சாயம் மாற்றினார், வீடு மாற்றினார், சின்ன வயசில் பழகிய சுரேன் பக்கத்து மனிதர்களின் வீட்டுக் கதவைத் தட்டி இடம் கேட்டார். ஜெர்மானியருக்கு ரகசியப் பெயரும் தெரியும், அங்க அடையாளமும் தெரியும். ஆயுதம் அனுப்பச் சொல்லி, பணம் அனுப்பச் சொல்லி, தப்பிவந்த விமானிகளை ஊருக்கு அனுப்ப வழி கேட்டு அவர் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். திப்புவின் வம்சம் என்பதற்காக அவரை மதிக்க வேண்டியதில்லை, ரத்தத்தில் வந்த வீரம் என்று பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பயம் உள்ள ஒருவர், போய்விடலாம் என்று அனுமதியும் கிடைத்த பிறகு, யோசித்து எடுத்த முடிவு இது. அந்தப் பெருமை முழுக்க அவருடையது.

யாருங்க காட்டிக் குடுத்தது?

சின்னமலையைச் சமையல்காரன் காட்டிக்கொடுத்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் இங்கே இது கட்டாயம் வரும். குழுவோடு பழக்கமுள்ள ஒரு பெண் பணம் வாங்கிக்கொண்டு முகவரியைச் சொன்னார் என்று ஜெர்மன் தரப்பில் சொன்னார்கள். போருக்கு அப்புறம் பிரான்ஸில் அந்தப் பெண்மேல் வழக்கும் நடந்தது, விடுதலை ஆகிவிட்டார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரை நான் இங்கே பெயர் போட்டுத் துரோகி என்று எழுதமாட்டேன். 1943 அக்டோபர் 13-ஐ ஒட்டி, தங்கியிருந்த அறைக்குத் திரும்பியபோது உள்ளே ஆள் காத்திருந்தான். கடித்து, அடித்துப் போராடித்தான் பிடிபட்டார்.

அந்த நோட்டை எரிச்சிருக்கலாமே? அதனாலதானே வேற ஆளுங்களும் மாட்டினாங்க?

ஆமாம். இதை மூடி மறைத்துப் பேசுகிறவர்கள் நூருக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுப்பிய செய்திகளின் நகலை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார், அது கருவியோடு சேர்ந்து சிக்கியது. செய்திகளைக் கவனமாகக் கோப்பில் சேர்க்கவும் என்கிற மாதிரி வந்த உத்தரவை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிற விளக்கம். பயிற்சியை முழுதாக முடிக்காமல் அவசரமாக அனுப்பப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஜெர்மானியர்கள் நூர் அனுப்புவது போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர் ஆபத்தில் இருக்கிறார் என்று வேறு வழியாக எச்சரிக்கை வந்தும் லண்டன் அதை மதிக்கவில்லை, ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 1944 பிப்ரவரி கடைசியில் பாராசூட்டில் இறங்கியவர்களை ஜெர்மானியர்களே காத்திருந்து பிடித்தார்கள். அதில் மதலேன் தமேர்மோன் என்ற பெண்ணும் ஒருவர். நூரோடு ஒரே நாளில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். தவறு நூருடையது, அதைவிடப் பெரிய தவறு லண்டன் மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களுடையது. இரண்டையும் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லக்கூடாது.

வேற ஏதாவது தகவல் சொல்லிட்டாங்களா? தப்பிக்கப் பாக்கலீங்களா?

விசாரணையில் வாய் திறக்கவில்லை. பாரிஸில் ஜெர்மன் ரகசியப் போலீஸ் இருந்த அவென்யூ ஃபோஷ் 84-ஆம் எண் கட்டடத்தில் அவரை வைத்திருந்த தலைமை அதிகாரி ஹான்ஸ் கீஃபரே போருக்கு அப்புறம், அவரிடமிருந்து எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சாட்சி சொன்னார். மென்மையாகப் பேசிய விசாரணைக்காரரிடம் குழந்தைப் பருவம், குடும்பம் என்று பேசியபோது சில சொந்த விவரங்கள் வந்துவிட்டன, அவற்றையும் எதிரி பயன்படுத்திக்கொண்டான்.

தப்பிக்கப் பார்த்தது இரண்டு தடவை. கொண்டுவந்த உடனே குளியலறை ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏறினார், பிடித்துவிட்டார்கள். நவம்பர் 25 ராத்திரி, பக்கத்து அறைக் கைதிகளான ஜான் ஸ்டார், லியோன் ஃபே இருவரோடு சேர்ந்து மேலே இருந்த கம்பிகளைக் கழற்றிக் கூரைக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் கைதிகளை எண்ணுவது வழக்கம், எண்ணினார்கள், மாட்டிக்கொண்டார்கள். இனித் தப்பிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னபோது நூர் மறுத்துவிட்டார்.

ஜெயில்ல எப்படி வெச்சிருந்தாங்க?

கையெழுத்துப் போட மறுத்ததால் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் தனியறை, கையிலும் காலிலும் சங்கிலி, ஏறக்குறைய பத்து மாதம். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே வெளியே தெரியக்கூடாது என்ற வகைக் கைதி. அதே சிறையில் இருந்த பிரெஞ்சுப் பெண்கள் சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் கீறிச் செய்தி அனுப்ப, நூரும் பதில் கீறினார். அம்மாவின் குடும்பப் பெயரைச் சேர்த்த நோரா பேக்கர் என்ற பெயரையும் லண்டன் முகவரியையும் எழுதினார். ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாளுக்கு வாழ்த்தும் அப்படித்தான் போனது. அந்தப் பெண்கள் உயிரோடு ஊர் திரும்பிச் சொன்னதால்தான் அவர் அங்கே இருந்ததே உலகத்துக்குத் தெரிந்தது.

சாகறப்ப 'சுதந்திரம்'னு சொல்லிட்டு செத்தாங்களாமே?

1944 செப்டம்பரில் நூர், யோலாந்த் பீக்மன், எலியான் ப்ளூமன், முன்னே சொன்ன தமேர்மோன் என்று நான்கு பெண்களை டாக்காவ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 13-ஆம் தேதி காலையில் சுட்டுக் கொன்று உடலை எரித்துவிட்டார்கள். கடைசியில் அவர் சொன்ன ஒரே வார்த்தை 'லிபெர்தே', அதாவது சுதந்திரம் என்பது பல வருஷம் கழித்து, அங்கே கைதியாக இருந்த டச்சுக்காரர் ஒருவர் வழியாக வந்த செய்தி. அதற்கு முந்தின இரவு அவரை மிகக் கொடுமையாக அடித்தார்கள் என்பதும் அதே வழியில் வந்ததுதான்.

நான் பேசும்போது, அப்படிச் சொன்னதாகச் சாட்சி இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். போர் முடிந்ததும் அவர் வேறொரு முகாமில் இறந்தார் என்றுதான் அதிகாரிகளே முதலில் நினைத்தார்கள், வீரா அட்கின்ஸ் தேடித் தேடித்தான் டாக்காவ் என்று உறுதி செய்தார். அவ்வளவு அழித்துவிட்டுப் போனவர்கள் நடுவிலிருந்து கிடைத்த தகவல்களைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது நம் கடமை.

எங்க ஊர்ப்பக்கம் திப்பு படை வருதுன்னாலே பயந்து ஓடுன கதைதான் சொல்லுவாங்க. அவர் வம்சத்தை எதுக்குங்க கொண்டாடணும்?

சத்தி, பவானி பக்கம் பெரியவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. 1790-இல் திப்பு படை கஜ்ஜல்ஹட்டி கணவாய் வழியாக இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் கும்பினிப் படையோடு மோதியது. அந்த வழியில் இருந்த டணாய்க்கன்கோட்டை இன்றைக்குப் பவானிசாகர் தண்ணிக்குள் கிடக்கிறது. கோயமுத்தூரும் அந்தச் சில வருஷத்தில் கை மாறி கை மாறிப் போனது. படை போகிற வழியில் இருந்த குடியானவனுக்கு எந்தப் படை வந்தாலும் நஷ்டம்தான், அந்த நினைவை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் சின்னமலை திப்புவோடு நின்றவர், திப்பு போன பிறகும் விடாமல் போராடி 1805-இல் சங்ககிரியில் தூக்கில் தொங்கியவர். இரண்டு நினைவும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன.

ஆனால் திப்பு நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நூரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இல்லை. ஐந்து தலைமுறைக்கு முந்தைய முன்னோர் செய்த நல்லதும் கெட்டதும் ஒரு பெண்ணின் கணக்கில் எப்படி வரும்? திப்பு என்ற பெயர் நம் ஊர்க்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது, அதனால் நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இங்க கொங்குநாட்டுக்கு வந்திருக்காங்களா? அவங்களுக்கு எங்கயாவது சிலை இருக்கா?

இங்கே வந்ததில்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய சமாதியைப் பார்க்கக் குடும்பத்தோடு டெல்லி வந்தார், அவ்வளவுதான். பிரான்ஸ் 1946-இல் க்ருவா த கேர் விருதும், பிரிட்டன் 1949-இல் ஜார்ஜ் கிராஸ் விருதும் கொடுத்தன. எஸ்ஓஇ பெண்களில் ஜார்ஜ் கிராஸ் வாங்கியவர்கள் மொத்தமே மூன்று பேர். லண்டன் கார்டன் சதுக்கத்தில் 2012 நவம்பரில் மார்பளவுச் சிலை வைத்தார்கள், 2014-இல் அஞ்சல்தலை, 2020-இல் அவர் இருந்த டாவிட்டன் தெரு வீட்டில் நீல நினைவுப் பலகை. சுரேனில் பஸல் மன்ஸில் வீட்டின் முன்னால் ஜூலை 14 அன்று இசைக்குழு வாசித்து மரியாதை செய்வார்கள்.

பாப்பாவுக்கு மாறுவேடப் போட்டிக்கு நூர் வேஷம் போடணும். என்ன உடுத்தறதுங்க?

தயவுசெய்து கிரீடம் வேண்டாம், காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. விமானப்படைச் சீருடை தைக்க முடிந்தால் சாம்பல் கலந்த நீலத்தில் கோட்டும் பாவாடையும், தொப்பி. இல்லையென்றால் சாதாரண மழைக்கோட்டு, கையில் பழைய சூட்கேஸ், அதற்குள் அட்டையில் செய்த, செய்தி தட்டுகிற மோர்ஸ் கருவியும் சுருட்டிய கம்பியும். ஒரு வெள்ளி நிறப் பறவை ஊசி சட்டையில் குத்திவிடுங்கள், நடுவர் கேட்டால் பிள்ளையே அந்தக் கதையைச் சொல்லட்டும். அடித்த கதை, சுட்ட கதை சின்னப் பிள்ளை வாயில் வேண்டாம், ஒன்பதாவது பத்தாவது போன பிறகு தெரிந்துகொள்ளலாம். மேடையில் பேச நாலு வரி போதும்: "என் பெயர் நூர். நான் குழந்தைகளுக்குக் கதை எழுதுவேன். பாரிஸிலிருந்து லண்டனுக்குச் செய்தி அனுப்புவேன். திரும்பி வந்துவிடு என்றார்கள், இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்."